தணிக்கைப் பத்தி 14

நான்கு கட்டுக் கோப்பு.
நாடாவை அவிழ்த்ததும்
அளவுப் புத்தகத்துக்குள் நசுங்கிக் கிடந்தது
ஒரு காகிதக் கொடி.
எந்த நாட்டுடையதென்று
பொறியாளருக்கும் தெரியவில்லை.

பதினொரு நாள் போட்டி,
பதினான்கு நாட்டுப் பெண்கள்,
ஹாக்கி.
அவிநாசி ரோட்டுத் தூண்களுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்,
வீராங்கனைகள் பஸ் வரும் பக்கம் மட்டும்.
பில் முழுத் தூணுக்கு.
"அந்தப் பக்கம் ஆருங் பாக்கப்போறாங்க?"
என்றார் உதவிப் பொறியாளர் பொங்கியண்ணன்.
அதையே எழுத்தில் கேட்டேன்.
தரவில்லை.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால்
செயற்கைப் புல்லை நனைக்க வேண்டுமாம்.
தண்ணீர் லாரி முன்னூற்றுப் பன்னிரண்டு நடை,
வவுச்சர் சரியாக இருக்கிறது.
வளராத புல்லுக்குத் தண்ணீர்.
அந்தப் பதினொரு நாளில்
கவுண்டம்பாளையத்தில் எங்கள் வீதிக் குழாய்
ஒரேயொரு தரம் வந்தது, அதுவும் நடுராத்திரி.
இதை நான் பத்தியில் சேர்க்கக் கூடாது.
சொந்த வீடு.

ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கை எண்பது பக்கம்,
வழவழத் தாள்.
போட்ட ஒரு ரூபாய்
ஊருக்குள் சுற்றிச் சுற்றி
மூன்று ரூபாய் எழுபது பைசாவாகும் என்று போட்டிருந்தது.
எப்படி என்று கேட்டேன்.
"பன்னாட்டு அனுபவம்" என்று பதில் வந்தது.
அறிக்கைக்குக் கூலி பதினெட்டு லட்சம்.
அந்த ரூபாய்
வேறெங்காவது சுற்றிக்கொண்டிருக்கலாம்.

சரி, தேடிப் பார்ப்போம் என்று
சனிக்கிழமை மத்தியானம் குடையோடு போனேன்.

காந்திபுரத்தில் லாட்ஜ் குழந்தைசாமி
இருபத்தியாறு ரூமுக்கும் ஏசி போட்டவர், வட்டிக்கு வாங்கி.
வெளிநாட்டுக்காரர்கள் ஏர்போர்ட் பக்கமே தங்கிவிட்டார்கள்.
மாசாமாசம் வரும் மோட்டார் பம்பு ஏஜெண்டுகளும்
கூட்டமாயிருக்குமென்று
அந்த மாசம் ஈரோட்டோடு திரும்பிவிட்டார்கள்.
வராத ஆட்களின் வாடகையை
எந்தப் பத்தியில் எழுதுவது?

மாரக்காள் கடையை
பாதுகாப்பென்று முன்வாசலிலிருந்து தூக்கிவிட்டார்கள்.
பின்வாசலுக்குப் போய்
போலீஸ்காரர்களுக்கே வெட்டிக் கொடுத்திருக்கிறாள்,
பொள்ளாச்சிக் காய், நாளுக்கு நானூறு.
"அடகுல கெடந்த தோட்ட மீட்டுப்போட்டனுங்"
என்று காதைத் திருப்பிக் காட்டினாள்.
ரசீது இருக்கிறதா என்றேன், பழக்கம்.
"எளநிக் கூடு வேணா கெடக்குதுங்."

அதற்கப்புறம்தான் மைதானம்.

விளக்குக் கம்பம் நான்கு.
ஒரு ராத்திரி எரிந்தால்
காவலாளி ரங்கண்ணனின் மூன்று மாசச் சம்பளம்.
அதனால் எரிவதில்லை.
ஒன்பது கோடி ரூபாய்ப் புல்லின் நடுவில்
அவர் மிளகாய் காயப்போட்டிருந்தார்.
"சூடு நல்லா நிக்குதுங். ரெண்டே நாள்ல சுக்காட்டக் காஞ்சு போகுது."
கோப்பு முழுக்கக் களம், களம் என்றுதான் எழுதியிருக்கிறது.
சொல்லில் பிழையில்லை.

நாலரைக்குச் சூலூர் பஸ்ஸில்
ஆறு பிள்ளைகள் வந்தார்கள், மட்டை மூன்று.
மிளகாயை ஓரமாய்க் கூட்டித் தள்ளினார்கள்.
போட்டியின்போது பந்து பொறுக்கிப் போடக் கூட்டிவந்த
மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள்.
அதற்கான படியே இன்னும் பாக்கி,
பக்கம் 211.

கோல் முன்னால் அரைவட்டம் மட்டும்
பக்கெட்டில் மொண்டு ஊற்றி நனைத்தார்கள்.
அனுமதியில்லாத குழாய்.
ரங்கண்ணன் வேறெங்கோ பார்த்தார்.
பந்து போன வழியெல்லாம்
சிவப்பாய் ஒரு தூசு எழும்பியது.
தும்மிக்கொண்டே ஆடினார்கள்.
எனக்கும் தும்மல் வந்தது.

எத்தனை பக்கெட் என்று கேட்டேன்.
நெட்டையாய் ஒருத்தி, மௌனிகா,
மூச்சு வாங்க நின்றாள்.
"பதினாலுங் மேடம்.
எழுதோணுங்களா?"

எழுதிக்கொண்டேன்.
வரவிலா செலவிலா என்பதுதான்
திங்கட்கிழமை வரை
முடிவாகவில்லை.